மனைக்காப்பும் பூளைப்பூவும்

தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்படும். மார்கழியும் தையும் முன்பனி எனப்படும். குளிர்நாட்டார் இலையுதிர் பருவத்தில் உதிர்ந்த இலைகளையும் முற்றிய கதிர்களையும் திரட்டிவந்து தம் மனைகளை அணிசெய்வர். தமிழகத்தில் அப்பருவம் இலை உதிரும் காலமன்று. பசுமை மீளும் காலம். அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் கரம்பும் வரப்பும் தழைக்கின்றன. ஆதலின், விதையாது முளைத்த செடிகளின் பூவும் தழையும் கூதிரின் இறுதியிலும் முன்பனியிலும் இங்கு நிரம்பக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு மனையை அணியும் வழக்கமே 'காப்புக் கட்டுதல்'. அவ்வழக்கின் கூறுகள் சங்க நூல்களில் எவ்வாறு காணப்படுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மார்கழியின் இறுதி நாளாகிய போகியன்று, கொங்கு நாட்டிலும் மதுரை முதலிய தென்மாவட்டங்களிலும் காப்புக் கட்டுவர். பூளைப்பூ, ஆவிரம்பூ, வேப்பிலை ஆகிய மூன்றும் இதற்குப் பெரும்பான்மையும் உரியன. மாவிலை, தும்பை, பிரண்டை முதலியனவும் இடத்திற்கேற்பச் சேரும். இவற்றைக் கொத்தாகக் கட்டி வீட்டின் இறவாரத்திலும் வாயிலிலும் செருகுவர். மாட்டுத் தொழுவிலும் கிணற்றடியிலும் விளைநிலத்திலும் வைப்பர். பூளையைச் சிறுபீளை என்றும், கண்ணுப்பிள்ளை என்றும், கூரைப்பூ என்றும் மக்கள் வழங்குவர். செருகப்படும் இடத்தால் வந்த பெயராகக் கூரைப்பூ என்பதனைக் கொள்ளலாம்.

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த கூமாப்பட்டி போன்ற ஊர்கள் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலப்பின்னணி உடையன. பிளவக்கல் அணைகளின் நீர் பாயும் வயல்கள் ஒருபுறம். மலையடிவாரக் கரம்பும் மேய்ச்சல் நிலமும் மறுபுறம். மருதமும் குறிஞ்சியும் அணுகிநிற்கும் இத்தகைய நிலத்தில், வயலில் விளைவது வேறு, வரப்பில் தானே வளர்வது வேறு என்னும் வேறுபாடு கண்கூடு. காப்புக்கு வேண்டுவன யாவும் பின்னதைச் சார்ந்தவை.

இனி நூல்வழிச் சான்றுகளைக் காண்போம். கூதிர்கால மனையைப் பாடும் நெடுநல்வாடை இரு செய்திகளைத் தருகின்றது. மழைமூட்டத்தால் பொழுது அறியவியலாத மாலையில், மகளிர் பித்திகத்தின் அரும்பு அவிழும் மணங்கொண்டு நேரத்தை அறிந்து, விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர் என்பது ஒன்று. அரண்மனையின் நெடிய வாயில்நிலையில் ஐயவி அப்பப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. ஐயவி என்பது வெண்சிறுகடுகு. முன்னதில் மலர் வழிபாட்டுப் பொருள். பின்னதில் ஐயவி வாயிற்காவல். மனையணியும் மனைக்காவலும் ஒரே பாட்டில், ஒரே பருவத்தில் அமைந்திருத்தல் குறிப்பிடத்தக்கது.

தழையை மனையில் செருகுதற்கு நேர்ச்சான்று புறநானூற்று 281ஆம் பாட்டில் உள்ளது. அரிசில்கிழார் பாடிய அப்பாட்டில், புண்பட்ட வீரனைப் பேணும் பொருட்டு இரவமும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன, ஐயவி சிதறப்படுகின்றது, நறும்புகை எழுப்பப்படுகின்றது. 296ஆம் பாட்டிலும் வேம்பின் கிளை ஒடித்தலும் ஐயவி புகைத்தலும் கூறப்படுகின்றன. இவற்றால், வேம்பினை மனையில் செருகுதல் கண்ணுக்குப் புலனாகாத தீங்கினின்று காக்கும் செயலாகக் கருதப்பட்டமை தெளிவு. காப்புக் கட்டுதலை மருந்துச் செடிகளைச் சேமித்து வைக்கும் முறை என்று மட்டும் விளக்குவார் உளர். அச்செடிகளுக்கு மருத்துவப் பயன் உண்டு என்பது மெய்யே. எனினும் இசையும் பாட்டும் புகையும் தழையோடு இணைந்து நிற்கும் புறநானூற்றுச் சடங்கு, மருந்து என்னும் ஒன்றில் மட்டும் அடங்குவதன்று.

பூளையும் ஆவிரையுமோ வேறொரு சூழலில் வருகின்றன. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் இவ்விரண்டும் அடுத்தடுத்த அடிகளில் இடம்பெறுகின்றன. ஆயினும் இவை சிறப்பாகப் பேசப்படுவது மடலேறுதலிலேயே. நெய்தற்கலியில் (கலி. 138) பூளை, ஆவிரை, எருக்கு ஆகியவை ஒருங்கே பிணைக்கப்படுகின்றன. குறுந்தொகை 173ஆம் பாட்டில் பனைமடற்குதிரை ஆவிரை மாலை பூணுகின்றது. மடலேறுவோன் ஊரார் நகைக்கும் நிலைக்குத் தன்னைத் தானே ஆளாக்கிக்கொள்பவன். ஆகவே, பிறர் விரும்பிச் சூடாத பூக்களே அவனுக்கு உரியவாயின.

நகைப்புக்குரிய கோலத்தில் கட்டிய பூ, மங்கலநாளில் மனைவாயிலில் ஏறியது எங்ஙனம்? இதற்கு விடை காண மூன்றாவதொரு சான்று துணைசெய்கின்றது. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் வரகுச் சோற்றினைப் பூளைப்பூவோடு உவமிக்கின்றார். வெண்மையாய், மணிமணியாய்ச் செறிந்த பூளையின் தோற்றம் சோற்றை நினைப்பித்தது. தை அறுவடையை எதிர்நோக்கும் உழவன் வீட்டில், தொழுவில், வயலில் அப்பூவை வைத்தல் விளைவுப் பெருக்கத்தின் குறியாதல் பொருந்தும். மடல்மரபும் காப்புமரபும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன அல்ல. ஒரு செடியின் இருவேறு இயல்பைப் பற்றி எழுந்தவை. யாரும் சூடாத பூ என்பது மடலுக்குப் பொருந்திற்று. சோறு போன்ற பூ என்பது காப்புக்குப் பொருந்திற்று. மடலின் மூன்று பூக்களுள் எருக்கு நீங்க, அவ்விடத்தில் புறநானூற்று வேம்பு நிற்பதே இன்றைய காப்புக் கொத்து. ஆளின்மேல் நாணமாக நின்றது, மனைமேல் அரணாகின்றது.

இம்மூன்று நூற்சான்றுகளும் வெவ்வேறு தொகைகளில் உள்ளன. கலித்தொகையைச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இலும், பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் உ. வே. சாமிநாதையர் முறையே 1889இலும் 1894இலும் அச்சேற்றினர். அதன் பின்னரே இவற்றை எளிதில் ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு வந்தது. ஏட்டைக் காத்தவர் சிலர். வழக்கைக் காத்தவரோ ஆண்டுதோறும் வரப்பில் பூப்பறித்த உழவர் பெருமக்கள். அவர் காத்த சான்று ஏட்டுச்சான்றினும் குறைந்ததன்று.

இன்று நகரங்களில் காப்புக் கொத்து காசுக்கு விற்கப்படுகின்றது. வழக்கு அழியவில்லை, ஆயின் பறித்தல் என்னும் கூறு கழிகின்றது. கரம்பு மனையிடமாகும்போது செடி மறையும். செடி மறைந்தால் அதற்கு ஊர்தோறும் வழங்கும் பெயரும் மறையும். கண்ணுப்பிள்ளை, கூரைப்பூ போன்ற பெயர்கள் அகராதியாளர் படைத்தவை அல்ல. நிலத்தில் நின்று பூவைப் பார்த்தவர் இட்டவை. எனவே, எவ்வூரில் எச்செடி, எந்நிலத்தினின்று, யாரால் கொய்யப்பட்டு, எப்பெயரால் வழங்கி, மனையின் எவ்விடத்தில் செருகப்படுகின்றது என்பதை மலையடிவார ஊர்களில் தொடங்கித் தொகுத்தல் தமிழாய்வாளர் கடமையாகும். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பெயர்களுக்கு உரை காண்பார்க்கும் அத்தொகுப்பே உற்ற துணையாகும் என்க.