கணக்கு யார் முன்னால்?

ஆண்டுதோறும் கோடையில் திண்டிவனம், விழுப்புரம் தாலுகா ஆபீசுகளில் ஜமாபந்தி என்னும் கிராமக் கணக்குச் சரிபார்ப்பு நடக்கிறது. ஒலக்கூருக்கு ஒரு நாள், மயிலத்துக்கு ஒரு நாள் என்று குறுவட்ட வாரியாகத் தேதி குறிப்பார்கள். கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு எல்லாவற்றையும் கட்டாகக் கொண்டு வருவார்கள். நிலம் அளக்கும் சங்கிலியின் நீளம் சரிதானா என்பதுகூடப் பார்க்கப்படும். வெளியே பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுவோடு ஜனம் நிற்கும். ரயத்துவாரி காலத்தில் சர்க்கார் தன் வரி வரவைச் சரிபார்க்க வைத்த ஏற்பாடு இது. ஜனங்கள்தான் இதைக் குறை சொல்லும் நாளாக்கிக்கொண்டார்கள். குடிமக்கள் அரசைத் தட்டிக்கேட்டதற்கு முன்னோடி என்று இதைப் புகழத் தோன்றும். பழைய தென்னாற்காடு ஜில்லா அடங்கிய சென்னை மாகாணத்தின் கதை அப்படிப் புகழ விடாது.

ஜமாபந்தி தவறாமல் நடந்த அதே காலத்தில்தான் நிலவரி பாக்கிக்காக விவசாயிகளின் விரல்களைக் கிட்டிக்கோலில் வைத்து நெரித்தார்கள். கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்தினார்கள். 1852இல் கஜுல லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. மறு ஆண்டு டான்பி செய்மர் என்ற எம்.பி. நேரில் வந்து பார்த்துப் போனார். பிறகு சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1855இல் அறிக்கை தந்தது. அதன் முன் வந்த புகார்கள் 1,959. வருஷம் தவறாமல் கணக்குப் பார்த்த ஜமாபந்தியில் இவை ஏன் தீரவில்லை? 1816 முதல் வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. அடித்தவனைப் பற்றி அடிக்கச் சொன்னவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். 1859இல் போலீஸ் தனித் துறையானது. ஆட்சியாளர் கருணையால் வந்த மாற்றமல்ல அது. புகார் கேட்க வேறொரு வாசல் திறந்த பிறகு வந்தது.

ஊர்க் கணக்கு மட்டும் அதன் பிறகும் பரம்பரைக் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில்தான் கிடந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதை ஏற்றது. ஆனாலும் கணக்கு வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போனதே தவிர மந்தைக்கு வரவில்லை. மந்தைக்குக் கொண்டுவரப் பார்த்தது நூறு நாள் வேலைச் சட்டம். அது 2006 பிப்ரவரியில் முதலில் அமலான தமிழ்நாட்டு மாவட்டங்கள் ஆறில் விழுப்புரமும் ஒன்று. வருகைப் பட்டியல், ரசீது, அளவுப் புத்தகம் எல்லாவற்றையும் கிராமசபை முன் வைக்க வேண்டும் என்றது அதன் 17ஆம் பிரிவு. தணிக்கை செய்யும் அமைப்பு, வேலையை நடத்தும் அமைப்பிலிருந்து தனித்து நிற்க வேண்டும் என்று 2011 விதிகள் சேர்த்தன. 1855 அறிக்கையில் தெரிந்த ஓட்டையை அடைக்க இத்தனை காலம் ஆயிற்று!

கிராமசபையில் கூலிக்காரர் வாய் திறப்பாரா, சாதியும் கடனும் விடுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பல ஊர்களில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. எல்லாம் கணினிக்கு வந்துவிட்டதே, இனி ஊரைக் கூட்டி வாசிப்பது எதற்கு என்பது இன்னொரு கேள்வி. இதற்கு 2020 பதில் சொன்னது. விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பிரதமர் கிசான் திட்டத்தில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது; விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்கள் அதில் முன்னே நின்றன. கணினிக்குத் தேவைப்பட்டது ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும்தான். யாருக்குக் காணி உண்டு, யாருக்கு இல்லை என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்த ஆண்டோ கொரோனாவைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளையே ரத்து செய்திருந்தார்கள். அடுத்த கிராமசபையில் பயனாளிகள் பட்டியலைப் பெயர் பெயராக வாசிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.