கருவின் பாலினம் காட்டும் இரத்தப் பரிசோதனை: நம்பகத்தன்மையின் வரலாறும் மதகடிப்பட்டு எல்லைச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

தாயின் இரத்தத்தைக் கொண்டு கருவின் பாலினத்தை அறியும் முறை 1997க்குப் பின் உருப்பெற்றது. அதன் பிழைகள் இரு பாலினத்திற்கும் சமமாக அமைவதில்லை. ‘பெண்’ என்னும் முடிவே தொடக்க வாரங்களில் பிழைக்கு மிகுதியும் இடந்தருகிறது. இப்பிழையின் தன்மையையும், இந்தியச் சட்டம் இரத்த மாதிரியைக் கையாண்ட முறையையும், புதுச்சேரிக் கிராமப்புற எல்லைச் சூழலோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கருவின் பாலினம், இரத்தப் பரிசோதனை, பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், மதகடிப்பட்டு, குழந்தைப் பாலின விகிதம்.

முன்னுரை

கருவின் பாலினத்தை முன்கூட்டி அறியும் வேட்கை பழமையானது. வயிற்றின் வடிவம், தாயின் மசக்கை முதலியவற்றைக் கொண்டு சொல்லப்பட்டவை ஊகங்களே. 1970களின் நடுப்பகுதியில் பனிக்குட நீர்ப் பரிசோதனை இந்தியாவிற்கு வந்தபின் ஊகம் ஆய்வக முடிவாயிற்று. மரபுவழிக் குறைபாடுகளை அறியவந்த அம்முறை பெண்கருவை அழிக்கப் பயன்பட்டதால், 1978இல் மைய அரசு தன் மருத்துவ நிறுவனங்களில் அதனைப் பாலினம் அறியப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. இரத்தப் பரிசோதனை இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும்.

உயிரணுவிலிருந்து குருதிநீருக்கு

கருவின் உயிரணுக்கள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன என்பதற்கான சான்று 1969இலேயே வெளியாயிற்று. ஆண் கருவைச் சுமந்த தாயரின் இரத்தத்தில் ஒய் குரோமோசோம் கொண்ட அணுக்கள் காணப்பட்டன. எனினும் இவ்வழி நம்பத்தக்க பரிசோதனையாக வளரவில்லை. அவ்வணுக்கள் மிக அரியவை என்பது ஒரு காரணம். மகப்பேற்றுக்குப் பின்னும் அவை பல்லாண்டுகள் தாயின் உடலில் தங்கக்கூடும் என 1996இல் அறியப்பட்டது மற்றொரு காரணம். முன்பு பிறந்த மகனின் அணு, இப்போதைய கருவின் அணுவாகப் பிழைபடக் கொள்ளப்படலாம்.

1997இல் டென்னிஸ் லோ குழுவினர் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இத்தடையை விலக்கியது. அவர்கள் குருதிநீரில் உயிரணுவுக்கு வெளியே மிதக்கும் கருவின் டி.என்.ஏ.வைத் தேடினர். இது மகப்பேற்றுக்குப் பின் விரைவில் மறைந்துவிடுவதால் பழைய கருப்பங்கள் குழப்பம் விளைவிப்பதில்லை. ஆண் கருவைச் சுமந்த 30 பேரில் 24 பேரின் குருதிநீரில் ஒய் குரோமோசோமின் கூறு கிடைத்தது. பெண் கருவைச் சுமந்த 13 பேரில் ஒருவரிடமும் அது கிடைக்கவில்லை.

பிழையின் திசை

மேற்கண்ட எண்ணிக்கையிலேயே முறையின் அடிப்படை இயல்பு வெளிப்படுகிறது. இப்பரிசோதனை தேடுவது ஒய் குரோமோசோமை மட்டுமே. அது கிடைத்தால் ‘ஆண்’, கிடைக்காவிடின் ‘பெண்’. ஆகவே ‘பெண்’ என்பது நேரடியாகக் கண்டறியப்படுவதன்று. ஒன்றின் இன்மையிலிருந்து உய்த்துணரப்படுவது. கருவின் டி.என்.ஏ. போதிய அளவில் இல்லாத தொடக்க வாரங்களில் ஆண் கருவும் ‘பெண்’ எனப் பதிவாகலாம். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. மாதிரி எடுக்கும்போதோ ஆய்வகத்திலோ ஓர் ஆணின் டி.என்.ஏ. கலந்தாலும், இரட்டைக் கருவில் ஆண் கரு ஒன்று முன்பே அழிந்திருந்தாலும் பெண் கரு ‘ஆண்’ எனப் பதிவாகும்.

57 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான பகுப்பாய்வு, ஆண் கருக்களில் 95.4 விழுக்காடும் பெண் கருக்களில் 98.6 விழுக்காடும் சரியாக அறியப்பட்டதைக் காட்டியது. அதாவது 1,000 ஆண் கருக்களில் 46 ‘பெண்’ எனவும், 1,000 பெண் கருக்களில் 14 ‘ஆண்’ எனவும் பிழைபட்டன. 7ஆம் வாரத்திற்கு முன் செய்யும் பரிசோதனை நம்பத்தக்கதன்று என்பதும் அதன் முடிவாகும். பெண் கருவை விலக்க விழையும் சமூகத்தில் செயலுக்கு அடிப்படையாவது, பிழைக்கு மிகுதியும் இடந்தரும் அந்த ‘பெண்’ முடிவே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

சட்டத்தில் ‘இரத்தம்’

1994ஆம் ஆண்டுச் சட்டம் 1996 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மகப்பேற்றுக்கு முன் கண்டறியும் செயல்முறைகளை வரையறுக்கும் அதன் பிரிவு, பனிக்குட நீரோடு கருவுற்ற பெண்ணின் இரத்தத்தையும் குறிப்பிட்டது. லோவின் கண்டுபிடிப்புக்கு மூன்றாண்டு முன்னரே இச்சொல் இடம்பெற்றமை வரலாற்று நோக்கில் முக்கியமானது. 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கருவுறுதலுக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் மாதிரிகளையும் உள்ளடக்கியது. எனவே புதிய தொழில்நுட்பம் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது என்னும் வாதம் பொருந்தாது. அதேவேளை பாலினம் சார்ந்த மரபு நோய்கள் உள்ளிட்ட சிலவற்றைக் கண்டறிவதற்குச் சட்டம் இடமளிக்கிறது.

மதகடிப்பட்டின் எல்லைச் சூழல்

மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த மதகடிப்பட்டு, புதுச்சேரி - விழுப்புரம் சாலையில் உள்ளது. புதுச்சேரி நகரிலிருந்து இச்சாலையில் வருபவர் அரியூரைக் கடந்து, தமிழ்நாட்டிற்குரிய கண்டமங்கலம் வழியாகச் சென்று, மீண்டும் புதுச்சேரி நிலப்பகுதிக்குள் நுழைகிறார். இவ்வெல்லை நிர்வாக வேறுபாட்டையும் உடையது. சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி ஒன்றியப் பகுதிகளுக்குரிய அதிகாரியை மைய அரசும், மாநிலங்களுக்குரியவரை மாநில அரசும் அமர்த்துகின்றன.

2011 கணக்கெடுப்பில், 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்குப் புதுச்சேரியில் 967 பெண் குழந்தைகளும் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகளும் இருந்தனர். பாகூரை அடுத்துள்ள கடலூர் மாவட்டத்தில் இவ்விகிதம் 900க்கும் கீழே இருந்தது. இவ்வெண்கள் எந்தப் பரிசோதனை எங்கு நடந்தது என்பதைக் காட்டமாட்டா. ஆயினும் புதுச்சேரியின் விகிதம் அதன் எல்லைக்குள் மட்டும் பாதுகாக்கத்தக்கதன்று என்பதை உணர்த்துகின்றன. ஸ்கேன் கருவி ஓரிடத்தில் பதிவுபெற்று, ஆய்வுக்கு உட்பட்டு நிற்பது. இரத்தக் குப்பியோ எளிதில் எல்லை கடக்கும். தாய் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதும் இல்லை.

முடிவுரை

பரிசோதனையின் துல்லியம் வளர்வதைத் தீர்வெனக் கொள்ள இயலாது. பிழையுள்ள முடிவு ஆண் கருவையும் அழிக்கக்கூடும். பிழையற்ற முடிவு பெண் கருவைத் தவறாது அழிக்கும். சட்டம் இரத்தத்தை 1994இலேயே குறிப்பிட்டுவிட்டது. எஞ்சியுள்ள பணி, கருவியைப் பதிவுசெய்வதோடு நில்லாமல் மாதிரி செல்லும் வழியையும் கண்காணிப்பதாகும். மதகடிப்பட்டு போன்ற எல்லை ஊர்களில் இரு நிர்வாகங்களும் இணைந்தாலன்றி அது கைகூடாது.