குதிரைப்பந்தய அலுவலர் பணி: கொங்குநாடு

பந்தயம் ஒழுங்காக நடந்தது என்று உறுதி சொல்லும் பொறுப்புடையவர்கள் குதிரைப்பந்தய அலுவலர்கள். விசாரித்துத் தண்டிக்கும் ஸ்டூவர்டு, குதிரைகளைப் புறப்பட விடும் ஸ்டார்ட்டர், முடிவை அறிவிக்கும் ஜட்ஜ், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கியைச் சேணத்தோடு நிறுத்துப் பார்க்கும் எடை அலுவலர், கால்நடை மருத்துவர் எனப் பலர் உண்டு. இவர்களில் ஹேண்டிகேப்பர் வேலைதான் நுட்பமானது. முந்தைய ஓட்டங்களைப் பார்த்து, எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்வார்; குறைகிற எடைக்குச் சேணத்தோடு ஈயம் சேர்ப்பார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேர்ந்தால் அவர் கணக்கு சரி. ஜெயித்த குதிரைக்கு அடுத்த முறை சுமை கூடும் என்பதால் உரிமையாளர்களிடம் அவருக்கு நல்ல பெயர் கிடைப்பது அபூர்வம்.

சென்னை கிண்டியில் 1777 முதலே பந்தயம் நடந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் தோன்றியது. கோவையிலும் வெள்ளைக்காரர் காலத்தில் குதிரை ஓடியது. இன்று அங்கே ரேஸ் கோர்ஸ் என்பது குடியிருப்பின் பெயர். காலையில் சுற்றி வருபவர்கள் நடைப்பயிற்சிக்காரர்கள். கொங்குக்கு அருகில் நீடித்த பந்தயத்திடல் ஊட்டிதான். 1868 வரை நீலகிரி கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆனால் ஊட்டியின் கோடைப் பந்தயத்தையும் சென்னைக் கிளப்பே நடத்தியதால், உள்ளூரில் நிலையான அலுவலர் பதவிகள் வளரவில்லை.

தமிழக அரசு 1974இல் சட்டமியற்றிப் பந்தயத்தை ஒழிக்க முனைந்தது. கிளப் வழக்காடியது. குதிரைப்பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 12 ஜனவரி 1996இல் தீர்ப்பளித்தது. தொழில் பிழைத்தது; நிலம்தான் நிலைக்கவில்லை. குத்தகை பாக்கியைக் காரணம் காட்டி 2024 ஜூனில் ஊட்டித் திடலையும், செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து கிண்டியின் சுமார் 160 ஏக்கரையும் அரசு எடுக்க முற்பட, விவகாரம் மீண்டும் நீதிமன்றம் போனது. பந்தயப் பணத்தின் முழு மதிப்பின்மீதான ஜிஎஸ்டி 2023 அக்டோபரிலேயே 28 விழுக்காடாக இருந்தது.

இந்தப் பதவிகளுக்கென்று தனிப் பட்டப்படிப்பு கிடையாது. குதிரையோடு பழகியவர்களையும் ராணுவத்தில் குதிரைப் பிரிவுகளில் இருந்து ஓய்வு பெற்றவர்களையும் கிளப்புகள் எடுத்துக்கொள்வது வழக்கம். படிப்பு வழியாக நுழைய விரும்பும் கொங்கு இளைஞருக்கு உறுதியான வாசல் கால்நடை மருத்துவம். 1985இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. பந்தயம் இல்லாமல் போனாலும் அந்தப் படிப்பு கைகொடுக்கும் என்பது இன்றைய நிலையில் சிறிய விஷயமல்ல.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையில் குதிரை பார்க்கும் கண் வாய்க்கலாம், பதவி வாய்க்காது. பொள்ளாச்சிப் பக்கத்து ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தில் 200, 300 மீட்டர் தூரத்தைக் கடிகாரமே தீர்ப்பதால் ஹேண்டிகேப்பருக்கு அங்கே வேலையில்லை. ஆகவே சம்பளத்துக்கு அலுவலராக விரும்புகிறவர் மைசூரு, பெங்களூரு, ஹைதராபாத் கிளப்புகளில்தான் முயல வேண்டியிருக்கிறது.