காடியும் காலமும்

"காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்பது தமிழ்ப் பழமொழி. புளித்த கஞ்சி வறுமையின் அடையாளம். அதனைப் பிறர் காணாமல் பருகுதலே மானம் என்பது அதன் உட்பொருள். காடி என்னும் அதே சொல் வினிகரையும் குறிக்கும். வறியோர் கலயமும் செல்வர் மேசையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருத்தல் எண்ணத்தக்கது.

சென்னைக்கு மேற்கே இவ்விரண்டும் அருகருகே வாழ்ந்தன. பூவிருந்தவல்லி, வெள்ளையர் ஆட்சியில் ஐரோப்பியப் படைவீரர் தங்கிய பாளையம். அவர்தம் ஊறுகாய்க்கும் பச்சைக் காய்க்கலவைக்கும் வினிகர் வேண்டியிருந்தது. சுற்றுப்புற உழவர்க்கோ நீராகாரத்தின் புளிப்பே போதுமானதாயிற்று. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் படைக்கல ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தன. இன்று அவ்வூர்ச் சாலையோரக் கடைகளில் நூடுல்ஸ் தட்டின் அருகே மிளகாய் மிதக்கும் வினிகர்க் கிண்ணம் வீற்றிருக்கிறது. விலை மலிந்த செயற்கை வினிகர், அசெட்டிக் அமிலத்தை நீரில் கலந்து ஒரே நாளில் செய்யப்படுவது.

இதற்கு நேர் எதிரானது இத்தாலியின் மோதெனா நகரத்துப் பால்சாமிக் வினிகர். திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்துப் புளிக்கவிட்டு, பல்வகை மரங்களாலான பீப்பாய்களில் பெரியதிலிருந்து சிறியதற்கு ஆண்டுதோறும் மாற்றுவர். குறைந்தது 12 ஆண்டு முதிர்ந்ததே மரபுவழிச் சரக்கு. 25 ஆண்டு கடந்ததற்குத் தனிச் சிறப்புப் பெயருண்டு. இனிப்பும் புளிப்பும் ஒன்றிய அதன் சில துளிகளே ஒரு பாலாடைக்கட்டித் துண்டுக்குப் போதும். 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குக் காப்பளித்தது. செறிந்த சாற்றோடு வைன் வினிகரைக் கலந்து 60 நாள் மரக்கலத்தில் வைத்தாலே போதுமான எளிய வகைக்கு 2009இல் வேறொரு காப்புக் கிட்டியது. மலிவும் அருமையும் ஒரே குடும்பத்தின, இடைப்பட்டது காலமே.

அக்காலத்தைத் தரவல்ல பொருள் தமிழகத்திலும் உண்டு. பனஞ்சாறு புளித்துக் கள்ளாகும். காற்றுப்பட வைத்தால் நுண்ணுயிர்கள் அதனை வினிகராக்கும். இந்நுண்ணுயிர்களின் பணியை 1864இல் பாஸ்டர் விளக்கினார். கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள் வினிகர் சமையலறைப் பொருள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், பனஞ்சாறு பதநீரோடும் கருப்பட்டியோடும் நின்றுவிடுகிறது. குடியைத் தடுக்க எழுந்த சட்டம், உழைப்பாளியின் புளிப்பு உயர்பொருளாகும் வழியையும் உடன் அடைத்தது எனலாம்.

மோதெனாவின் பீப்பாய் வாயையும் ஒரு துணியால் மூடியே வைக்கின்றனர். அங்கே மூடுதல் முதிர்ச்சிக்காக, இங்கே நாணத்திற்காக. நம் காடிக்குச் சுவை குறைவன்று. காத்திருப்பாரும், அதன் பெயரைக் காப்பாரும் இல்லாமையே குறை.