இரண்டு கதவு புத்ராவும் ஏழு இருக்கை எக்சோராவும்

புரோட்டோன் புத்ரா அழகான கார், எக்சோரா வெறும் பெட்டி வண்டி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்கள் உண்டு. கெடா தோட்டத் தமிழர்கள் இடம்பெயர்ந்த கதையோடு சேர்த்துப் பார்த்தால் அது அவசரத் தீர்ப்பு.

அலோர்ஸ்டாரில் பிறந்த டாக்டர் மகாதீரின் முயற்சியில் 1983-ஆம் ஆண்டு புரோட்டோன் நிறுவனம் தோன்றியது. 1985-இல் சாகா வந்தது. 1996-இல் வந்ததுதான் புத்ரா. மிட்சுபிஷி மிராஜ் காரை ஒட்டிய வடிவம், 1.8 லிட்டர் இயந்திரம், ஏறக்குறைய 140 குதிரைத் திறன். சாலையில் போனால் திரும்பிப் பார்க்க வைத்த வண்டி என்பதை மறுப்பதற்கில்லை.

அதே 1996-இல்தான் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் திறக்கப்பட்டது. பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் கூலிம், சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். கையில் மாதச் சம்பளம் புரண்ட கல்யாணமாகாத இளைஞனின் ஆசைக்குப் புத்ரா பொருத்தமாக இருந்தது. ஆனால் பின்னால் உட்கார வேண்டுமென்றால் முன் இருக்கையை மடக்கி, உடம்பை வளைத்து நுழைய வேண்டும். சேலை கட்டிய பாட்டிக்கு அது நடக்கிற காரியமா?

தோட்டத்தில் இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. சித்தப்பா வீடு அடுத்த லயத்தில், கோயில் நடக்கிற தூரத்தில். தூரத்துத் திருவிழா என்றால் லாரியில் ஏறிக்கொள்வார்கள். தோட்டம் கலைந்த பிறகு ஒரு மகன் பீடோங்கில், ஒரு மகள் பாடாங் செராயில், பெரியவர் சுங்கைப்பட்டாணி வரிசை வீட்டில் என்று குடும்பம் சிதறியது. ஒரு திதிக்குக்கூட வண்டி தேவைப்பட்டது. ஏழு இருக்கையின் தேவை வசதியால் மட்டும் வந்ததல்ல, பிரிவாலும் வந்தது.

2000-களின் முதல் பாதியில் நாஸா ரியா வந்தது. கெடாவின் குரூண் ஆலையிலேயே பூட்டப்பட்ட வேன், பக்கக் கதவை இழுத்துத் திறக்கலாம். பாட்டிக்கு நிம்மதி. ஆனால் 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர்! 2008 ஜூன் மாதம் பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்குத் தாவியபோது பலர் கையைப் பிசைந்தார்கள்.

2009 ஏப்ரலில் எக்சோரா அறிமுகமானபோது அதன் 1.6 லிட்டர் இயந்திரமே பெரிய ஆறுதல். ஏழு பேரை ஏற்றி மேட்டில் ஏறினால் முனகும் என்பது வேறு விஷயம். 2011 இறுதியில் டர்போ இயந்திரம் வந்து அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. அதே 2009 நவம்பரில் பெரோடுவா அல்சாவும் போட்டிக்கு வந்தது.

இயந்திரம் என்று பார்த்தால் புத்ராவே மேல். பழைய கார் பிரியர்கள் இன்றும் அதைத் தேடுவதில் வியப்பில்லை. எக்சோராவின் உற்பத்தி 2023-இல் நின்றுவிட்டது. ஓடுகிற வண்டிகள் இன்னும் ஓடுகின்றன: தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போது மூன்றாவது வரிசையில் ஒரு பக்கத்தை மடக்கிக் காவடிச் சாமான், மறுபக்கத்தில் மடியில் பால்குடத்தோடு அத்தை.