முதல் தகவல் அறிக்கையின் நடை: கோட்டூர்புரம், 2024

வன்புணர்வு வழக்கில் புகார் கூறிய பெண் ஒழுக்கமற்றவர் எனக் காட்டி அவரது சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்க, 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் (பிரிவு 155(4)) எதிர்த்தரப்புக்கு இடமளித்தது. அதனை 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே நீக்கிற்று. ஆயினும் அப்பார்வை காவல் ஆவணங்களில் எஞ்சியிருந்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 அன்று நிகழ்ந்த பாலியல் வன்கொடுமை குறித்த முதல் தகவல் அறிக்கை அதற்குச் சான்று. பெண்கள் தயங்காது புகார் கூறவென 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய மகளிர் காவல் நிலைய மரபில் வந்த கோட்டூர்புரம் நிலையத்திலேயே அது பதிவாயிற்று. அதன் நடை மாணவியைப் பழிக்க வழிசெய்தது. அவரது அடையாளத்துடன் அறிக்கை வெளியில் கசிந்தது. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இவ்விரண்டையும் கண்டித்து, ரூ.25 இலட்சம் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு ஆணையிட்டது. நடை பற்றிய கண்டனமே வரலாற்று நோக்கில் முதன்மையானது எனக் கருதுகிறேன். அடையாளத்தை வெளியிடுதல் 1983 முதலே குற்றம். எழுதும் நடையோ எழுதுபவர் கையில் விடப்பட்டிருந்தது.