இழுத்தால் சுடும் ரப்பர்

ஒரு ரப்பர் வளையத்தை உதட்டில் ஒட்டியபடி சட்டென்று இழுத்துப் பாருங்கள், இலேசாகச் சுடும். சற்று நேரம் இழுத்தபடியே பிடித்திருந்து பிறகு தளர்த்தினால் குளிரும். இதை 1805ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கஃப். குழந்தைப் பருவத்தில் அம்மை நோயால் பார்வையை இழந்தவர் அவர். 1859இல் ஜேம்ஸ் ஜூல் அதை அளந்து உறுதி செய்தார்.

காரணம் விளங்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. ரப்பர் போன்ற பொருள்கள் ஏராளமான சிறு கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலிகளே என்று 1920இல் ஸ்டாடிங்கர் கூறினார். அச்சங்கிலி ஓயாமல் நெளிகிறது என்பதை 1930களில் வெர்னர் கூன் முதலிய அறிஞர்கள் விளக்கினர். சுருண்டு கிடக்க அதற்கு எண்ணற்ற வழிகள். நேராக நிற்க ஒரே வழி. ஆகவே கையை விட்டதும் சுருண்டுவிடுகிறது. சூடேற்றினால் நெளிவு கூடும். அது நம் கையை இன்னும் பலமாக இழுக்கும்.

இந்தக் கொள்கையைச் சோதித்தவர்களுள் முக்கியமானவர் டிரெலோர். ரப்பர் உற்பத்தியாளருக்காக 1938இல் இங்கிலாந்தில் அமைந்த ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, ரப்பரைப் பல விதமாக இழுத்த அளவுகளை 1944இல் வெளியிட்டார். அதே போர்க்காலத்தில் ஜொகூர் ஜப்பானியர் பிடியில் இருந்தது. மலாயாவில் பால் வெட்டிய தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் பலர்.

நேயர்களே, தோட்டத்துப் பாலில் இன்னொரு பாடமும் உண்டு. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் எதிர் மின்னேற்றம் உடையவை. அதனால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலம் ஊற்றியதும் அந்த விலக்கம் போய்ப் பால் உறைகிறது. சங்கிலியின் கண்ணிகளிலேயே மின்னேற்றம் இருந்தால் என்ன ஆகும்? கண்ணிகள் ஒன்றையொன்று விலக்க, சங்கிலி இழுக்காமலே நீளும். 1950இல் கூனும் கச்சால்ஸ்கியும் அவர்தம் தோழர்களும், அத்தகைய வலைப்பொருள் காரத்தில் விரிந்து அமிலத்தில் சுருங்குவதைக் காட்டினர். உப்பு சேர்த்தாலும் விலக்கம் குறையும்.

1992இல் பஸ்டமாண்டே குழுவினர் டி.என்.ஏ. என்னும் மின்னேற்றச் சங்கிலி ஒன்றைத் தனியே பிடித்து இழுத்து அளந்தனர். நிலையான வடிவமின்றி நெளியும் புரதங்கள் நம் உடலில் பல உள்ளன. நரம்பு உயிரணுக்களிலும் உண்டு. அவற்றை இழுத்தால் எவ்வளவு நீளும் என்பது, இழுக்கும் விசையோடு மின்னேற்றத்தையும் சுற்றியுள்ள உப்பையும் பொறுத்தது என்று இன்று அறிகிறோம்.

ஜொகூரில் பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. என் மாணவர் பலர் பால்வாளியைக் கண்டதில்லை. ஆனாலும் ரப்பர் வளையத்தை அவர்கள் கையில் கொடுத்து நான் இந்த வரலாற்றைச் சொல்வதுண்டு. அறிஞர் பெயர்கள் நூலில் இருக்கின்றன. அதிகாலை இருளில் மரம் சீவிய தாத்தா பாட்டிமாரின் பெயர்கள் அங்கே இல்லை. அவற்றை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்கிறேன். நீங்களும் சொல்லிக் கொடுங்கள்.